மண் சுமந்த கூலியாளும் நாமும்

(திருவிழாவின் நான்காம் நாள் இரவு ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நான்காம் நாள் இரவு மழை காரணமாகப் பலர் பாதியில் எழுந்து சென்றுவிட்டதால், அன்று பேசியதை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பேசும்போது சொல்லாமல் விட்ட சில விடயங்களையும் இதில் சேர்த்திருக்கிறேன். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தவை அவை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நமது முன்னோர் வாக்கு. லயத்தில் பிறந்த எவரும் இதைத் தாயின் வாயால் ஆயிரம் தடவை கேட்டிருப்பர். இவ்வாக்கின் மேல் எனக்கு இரண்டு சந்தேகங்கள் உண்டு. பிறருடைய வலி நமக்கு விளங்குவதற்கு அது நமக்கும் வந்தேதான் ஆகவேண்டுமா என்பது முதலாவது. வந்தவர்களுக்காவது அது விளங்குகிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது சந்தேகம் என்னைப் பார்த்தே எனக்கு உண்டானது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் எம்பெருமானின் திருவிளையாடல் ஒன்றைச் சிந்திப்போம்.

மதுரையில் வைகை பெருகி வந்த கதை நீங்கள் அறிந்ததே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதை விரிவாகக் கூறுகின்றது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைச் சிவப்பணியில் செலவிட்ட வாதவூரரை, அதாவது நமது மாணிக்கவாசகரை, அரிமர்த்தன பாண்டியன் சுடுமணலில் நிறுத்தித் தண்டித்தான். அடியவரின் பாதம் வெந்தது. அரசனுக்கு அது தெரியவில்லை. அவன் நின்றிருந்தது நிழலில் அல்லவா. அப்போது வைகை கரை புரண்டது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும், அவரவர்க்கு அளந்து விட்ட பங்கை அவரவர் அடைக்க வேண்டும் என்று பறை அறைந்தார்கள். அந்நகரில் வந்தி என்றொரு கிழவி. பிள்ளை இல்லை, சுற்றம் இல்லை. பிட்டு அவித்து விற்று வயிறு கழுவுகிறவள். அவளுக்கும் ஒரு பங்கு அளந்து விட்டார்கள்.

கிழவி சொக்கநாதரை நினைந்து அழுதாள். எம்பெருமான் தலையில் சும்மாடும் தோளில் மண்வெட்டியும் கையில் கூடையுமாக, அழுக்குத் துணி கட்டிய கூலியாளாக வீதியில் வந்து, கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். உதிர்ந்த பிட்டெல்லாம் உனக்கு என்று கூலி பேசப்பட்டது. அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று. (நம் வீட்டில் அப்படியானால் பிட்டு அவித்தவருக்கு ஏச்சுத்தான் கிடைக்கும்.) வயிறு நிறைய உண்டவர் கரைக்குப் போய் ஆடினார், பாடினார், மரநிழலில் உறங்கினார். பங்கு அடைபடவில்லை. கணக்கர்கள் அரசனிடம் முறையிட்டனர். அரசன் வந்து பிரம்பால் முதுகில் ஓங்கி அடித்தான். அந்த அடி அரசன் முதுகில் விழுந்தது, அரசியின் முதுகில் விழுந்தது, அமைச்சர், சேனை, குதிரை, யானை, கருவிலிருந்த குழந்தை ஈறாக எல்லா உயிர் மேலும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தார். வெள்ளம் நின்றது.

இறைவன் எல்லா உயிரிலும் உறைகிறான் என்பதற்குச் சான்றாகவே இக்கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை. முப்பது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக வேலை செய்த எனக்கோ இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கணக்கர்கள் மேல்தான் கண் போகும். அவர்கள் கெட்டவர்களா? அரசன் கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியவர்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. செட்டியாருக்கும் ஒரு பங்கு, சேனாதிபதிக்கும் ஒரு பங்கு, வந்திக்கும் ஒரு பங்கு. பாரபட்சம் இல்லை. சுற்றறிக்கைப்படி எல்லாம் சரி. ஒரு கிழவியால் எத்தனை கூடை மண் சுமக்க முடியும் என்று மட்டும் அந்த அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. கயிறு பிடித்து அளந்தவர்களின் வீட்டில் எல்லாம் மண் சுமக்க வேலையாள் இருந்திருப்பான்.

நமது மக்களின் சரித்திரத்திலேயே இப்படியொரு கயிறு உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தோட்டத் தொழிலாளி என்ற சொல்லோ இந்தியத் தமிழன் என்ற சொல்லோ எழுதியிருக்கவில்லை. வம்சாவளிப் பிரசை என்பதற்குத் தகப்பன் இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. பார்வைக்கு எல்லாருக்கும் ஒரே அளவு. ஆனால் கோப்பிக் காலத்தில் கால்நடையாக வந்தவனின் பேரன், பாட்டன் பிறந்ததற்குக் கடதாசிக்கு எங்கே போவான்? அத்தாட்சி கேட்கப்பட்டதும் அவனிடம்தான். ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றானது. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தச் சங்கடம் முற்றாகத் தீரவில்லை.

அக்காலத்தில் வடக்கே இருந்த நமது இனத்தவர்களிலும் எல்லாரும் இதைத் தங்கள் நோயாக எண்ணவில்லை. 1949இல் செல்வநாயகம் அவர்கள் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தனிக் கட்சி தொடங்க இந்தப் பிரச்சினை ஒரு முக்கிய காரணமாயிற்று. ஒரே மொழி, ஒரே திருநீறு. ஆனால் ஒரு பக்கம் சொந்தக் காணி, சொந்தக் கிணறு, உறுதிப் பத்திரம். மறுபக்கம் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில் பத்தடி அறை. காணி உள்ளவனுக்குக் காணி இல்லாதவனின் பயம் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினம். தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் நிலையும் இதுதான். இங்கே இந்தியாக்காரன் என்ற ஏச்சு, அங்கே சிலோன்காரன் என்ற பெயர்.

இது வேற்று மனிதருக்கு வந்தது, ஆகவே விளங்கவில்லை என்று சொல்லலாம். நேரில் வந்து பார்த்தவர்களுக்கு?

களனிப் பள்ளத்தாக்கில் உள்ள எவருக்கும் கலாநிதி என்.எம். பெரேராவைத் தெரியாமல் இராது. 1934, 35இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவி இந்நாட்டில் 80,000 இற்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கேகாலைப் பகுதி மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. லண்டனில் படித்து வந்த அந்த இளைஞர் கொழும்பில் உட்கார்ந்திருக்கவில்லை. மருந்தும் பருப்பும் எடுத்துக்கொண்டு நண்பர்களுடன் குடிசை குடிசையாக வந்தார். பருப்பு மாத்தயா என்று ஜனங்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். 1936இல் ருவன்வெல்ல தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1948இல் நமது பிரசாவுரிமை பறிக்கப்பட்டபோது எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். இந்த நன்றியை நாம் மறக்கக்கூடாது.

அவரே நிதி அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1973, 74 பஞ்சமும் வந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. கூப்பன் அரிசி குறைந்தது, மா விலை கூடியது, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டு போகவும் தடை. கிராமத்தவருக்கு வளவில் ஒரு பலா மரம், நான்கு மரவள்ளித் தடி, ஒரு ஈரப்பலா இருந்தது. லயத்து மக்களுக்கு நாலு அடி வாசல். தோட்டங்களில் மரண வீதம் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்து போனது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. அம்மா கீரையை அவித்து அந்தத் தண்ணீரை எங்களுக்குத் தந்துவிட்டுத் தனக்கு வயிற்று வலி என்று படுத்துவிடுவார். அவருக்குத் தினமும் வயிற்று வலி வந்த காரணம் விளங்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அந்த அமைச்சரை நான் குறை கூறவில்லை. அவர் இதயம் அதே இதயம்தான். குடிசை வாசலில் நின்று பார்த்தபோது ஒவ்வொரு வயிறும் ஒரு வயிறு. திறைசேரியிலிருந்து பார்க்கும்போது அது ஒரு வரவு செலவுத் தொகை. இருக்கும் இடம் மாறும்போது கண்ணுக்குத் தெரிவதும் மாறிவிடுகிறது. நாம் யாரையேனும் ஈவிரக்கம் இல்லாதவன் என்று திட்டுமுன் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். லயத்தில் பிறந்து, அந்தப் பஞ்சத்தைப் பார்த்து, குப்பி விளக்கில் படித்து, பரீட்சை எழுதி எழுதுவினைஞரானவன் நான். நமது தோட்டத்திலிருந்து அரசாங்க மேசைக்குப் போன முதலாமவன் என்று மாலை போட்டார்கள். அந்த மாலை என் கழுத்தை விட்டு இறங்கப் பல வருடம் எடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், பால் வெட்டும் தாய் ஒருத்தி நான் வேலை செய்த அலுவலகத்துக்கு வந்தார். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தாயின் பெயர் ஒரு விதமாகவும், தாயின் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. லட்சுமி, லெச்சுமி, லெட்சிமி என்று நமது பெயர்களை எழுதியவர்கள் எழுதிய அழகு உங்களுக்குத் தெரியும். விவாகச் சான்றிதழ் கொண்டு வா என்றேன். ஒரு வாரம் கழித்து அதைக் கொண்டு வந்தார். தோட்டத்துரையின் கடிதம் வேண்டும் என்றேன். அடுத்த வாரம் அதுவும் வந்தது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு நாளைக்கு வா, பேர் சரியாக இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. போதாததற்கு, நாங்களும் இந்தத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர்கள்தான், உங்களுக்குத்தான் அக்கறை இல்லை என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

அந்தத் தாய் கோபப்படவில்லை. "ஐயா, நீங்க பேரு பேருன்னு சொல்லுறீங்க. நான் இங்க வந்த மூணு நாளும் எனக்குப் பேரு இல்லீங்க. நாளைக்கும் வந்தா நாலு பேரு போயிரும்" என்றார்.

தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். பாதி நாள் என்றால் அரைப்பேர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பேரும் இல்லை. நான் நின்ற பக்கத்தில் பேர் என்பது எழுத்துப் பிழை. அவர் நின்ற பக்கத்தில் அது அன்றைய சோறு. என் அம்மா வாழ்நாளெல்லாம் சொன்ன சொல் அது. அரைப்பேர் விழுந்த நாளில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன், பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஒரு கதிரையில் இருந்ததும் அதை மறந்துபோனேன். அன்றே சத்தியக் கடதாசிக்கு வழி செய்து அனுப்பினேன் என்றாலும், அதற்கு முன் எத்தனை தாய்மாரின் எத்தனை பேர்களைத் தின்றிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

கஷ்டப்பட்டவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்பதை அன்றிலிருந்து நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆசிரியையாக இருக்கும் என் மகள், அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி வாசித்துச் சொன்னாள். உறைபனிக் காலத்தில் ஏரித் தண்ணீரில் குதிக்கும் ஒரு விளையாட்டு அங்கே உண்டாம். குதிக்க வந்து கடைசி நேரத்தில் பயந்து விலகியவனின் கதையைச் சொல்லிக் கேட்டபோது, குதித்து முடித்து ஒரு வாரம் ஆனவர்கள், இன்னும் குதிக்காதவர்களைவிட அவன்மீது குறைவாகவே இரங்கினார்களாம். வேலையில்லாமல் இருந்து மீண்டவர்களிடமும் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். நான் தாண்டினேனே, உன்னால் ஏன் முடியவில்லை என்ற எண்ணம்தான். பட்ட வேதனை மங்கிப்போய், தாண்டிய பெருமை மட்டும் மனதில் நிற்கிறது. மாமியாரிடம் பட்ட மருமகள் மாமியாரானதும் என்ன செய்கிறாள் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் நம் லயத்துக்கு வந்து கேட்டிருந்தால் ஏரியில் குதிக்காமலே விடை கிடைத்திருக்கும்.

இதுவரை நமக்குப் பிறர் செய்ததையும், நமக்குள் நாம் செய்ததையும் சொன்னேன். நாம் பிறருக்குச் செய்ததையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையாகாது.

சப்பிரகமுவ தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தனித்து இருப்பவை அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். நாட்டுப்பக்கம் என்கிறோம். 1977இலும் 1981இலும் 1983இலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த கூட்டங்களால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. ஆனால் அதே நாட்டுப்பக்கத்தில் 1971 ஏப்ரலிலும், மீண்டும் 1987 முதல் 89 வரையிலும் ஆயிரக்கணக்கில் இளம்பிள்ளைகள் கொல்லப்பட்டபோது நாம் என்ன செய்தோம்? கேகாலைப் பகுதி இரண்டு தடவையும் வெந்தது. லயத்து வாசலில் உட்கார்ந்து, அது நாட்டார் பிரச்சினை, நமக்கென்ன என்றோம். சிலர் இதைவிட மோசமாகவும் பேசினார்கள். சாமி கேட்டது என்றார்கள். அந்த வார்த்தையை என் காதால் கேட்டேன். நான் மறுத்துப் பேசவில்லை.

பஞ்ச காலத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிங்கள மூதாட்டி எங்களுக்குப் பலாக்காய் தருவார். ஆச்சி என்று அழைப்போம். மாலையில் வேலி ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கையில் கொடுத்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தாரோ, தன் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாரோ. 1989இல் அந்த ஆச்சியின் பேரனை ஓரிரவு வாகனத்தில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். பிள்ளை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆகவே மரண வீடும் இல்லை. அயலவர்கள்கூடப் பயத்தில் அந்த வாசலுக்குப் போகவில்லை.

அம்மா போகப் புறப்பட்டார். நான் வாசலை மறித்தேன். நான் அரசாங்க உத்தியோகத்தன், யாராவது பார்த்தால் என்ன ஆகும், அவர்கள் பிரச்சினை நமக்கு எதற்கு என்றேன். "தம்பி, அந்தப் பொம்பள வச்ச பலாக்காயத் தின்னுதான் நீ வளந்த. நகரு" என்றார். ஒரு சுண்டு அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு வேலியைத் தாண்டினார். அம்மாவுக்கு நாலைந்து சிங்கள வார்த்தைதான் தெரியும். காலையில் போனவர் பொழுது சாய்ந்து வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மத்தியானம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், கொஞ்சம் குடித்தாள் என்றார். மறுநாளும் போனார். அம்மாவுக்குப் பிள்ளை தொலைந்த துக்கம் என்னவென்று தெரியாது. நாங்கள் எல்லாரும் உயிரோடுதான் இருந்தோம். தெரிந்ததாக அவர் சொல்லவும் இல்லை.

இதைத்தான் நான் அன்றிரவு மண்டபத்தில் அழுத்திச் சொன்னேன். உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது என்று சொல்வது சுலபம். பெரும்பாலும் அது பொய்யாகவும் இருக்கும். நம்முடைய முதுகை வைத்தே நாம் பிறர் சுமையை நிறுக்கிறோம். அந்த நிறுவை எப்படிச் சரியாக வரும்? போய் இருப்பது, கேட்பது, கேட்டதற்கு ஏற்பச் செய்வது என்பவை கஷ்டமான காரியங்கள், நேரம் எடுப்பவை. எம்பெருமானும் வந்தியின் நிலையை நினைத்து ஆலயத்துள் இருந்து இரங்கவில்லை. கூடையோடு அவள் வாசலுக்குப் போய், என்ன கூலி தருவாய் என்று கேட்டார். அவளால் எது தர முடியுமோ அதையே கூலியாகப் பெற்றார்.

2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, நமது புளத்கொஹுபிட்டிய பக்கத்தில் களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் விழுந்தது. நாமும் நிவாரணம் சேர்த்தோம். ஆலயத்தின் சார்பில் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்குப் போனோம். படமும் எடுத்தோம். ஒரு வயதான அம்மா மூட்டையைப் பார்த்துவிட்டு, "அரிசி நெறைய வந்துருச்சுங்க சாமி. பொம்பளப் புள்ளைங்களுக்கு மாத்து உடுப்பு இல்ல. கேக்கவும் வெக்கமா இருக்கு" என்றார். வண்டியில் வந்த எங்கள் ஒன்பது பேரும் ஆண்கள். புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து என்ன தேவை என்று கேட்டிருந்தால் போதும். பரிபாலன சபையில் ஒரு பெண் இருந்திருந்தால் அதுகூடத் தேவைப்பட்டிராது. இதைச் சபையில் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

கடைசியாக ஒரு விடயம். இதைத்தான் கூச்சத்தால் அன்று மேடையில் சொல்லவில்லை.

நமது ஆலயத் திருவிழா வரி வீட்டுக்கு ஒரே தொகை. செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் கழிகிறது. ஓய்வு பெற்றவர்கள் கையில் கட்ட வேண்டும். சென்ற வருடம் கட்டாதவர்களின் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவதென்று சபை தீர்மானித்தது. எழுத்து அழகு என்று அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். கோடு போட்டு, இலக்கமிட்டு, பதினோரு பெயர்களை எழுதினேன். ஒரு பெயரிலும் எழுத்துப் பிழை இல்லை.

ஏழாவது பெயர் ஒரு மூதாட்டியுடையது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பிள்ளைகள் கொழும்பில், பேத்தி ஒருத்தியை வைத்துக்கொண்டு இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் விடியுமுன் வந்து ஆலய முற்றத்தைக் கூட்டிப் போவது அவர்தான். யாரும் சொல்லி வந்த வேலை அல்ல. திருவிழாவுக்குப் பிறகு முற்றம் பல வெள்ளிகள் குப்பையாகக் கிடந்தது. கூட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா என்று சபையில் பேசினோம். ஏன் அவர் வருவதில்லை என்று பிறகுதான் விசாரித்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று பேத்தியிடம் கேட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்திருக்கிறாள். கொடியேற்றத்தன்று, ஆட்கள் நிற்கும்போது.

வீட்டுக்கு ஒரு பங்கு. பாரபட்சம் இல்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "கட்டிருறேன் சாமி, மகன் சித்திரைக்கு வருவான்" என்று முந்திக்கொண்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் தந்த சாயத் தண்ணியைக் குடித்தேன். பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வரி எப்படி இருந்தால் உங்களுக்கு வசதி? நெடுநேரம் யோசித்துவிட்டு, காசுக்குப் பதிலாக முற்றம் கூட்டுவதைக் கணக்கில் எழுதுவீர்களா என்று கேட்டார்.

இவ்வருடப் பட்டியலை நான் எழுதவில்லை. வேறு யாரும் எழுத வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன். திருவிழா முடிந்து வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலய மண்டபத்தில் பொதுக்கூட்டம். வரியை அவரவர் இயன்ற தொகையாகவோ, உழைப்பாகவோ செலுத்தலாம் என்றும், பெயர்ப் பட்டியல் ஒட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றும் பிரேரணை கொண்டு வருகிறேன். அப்படிச் செய்தால் ஒருவரும் கட்டமாட்டார்கள் என்று எங்கள் பொருளாளர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அவரும் வந்து பேசட்டும். லயத்துக்கு இரண்டு பெண்களாவது கட்டாயம் வரவேண்டும். அன்று காலைப் பேர் போகாதபடி ஞாயிற்றுக்கிழமையாகவே பார்த்து வைத்திருக்கிறோம்.